மெய்நிகர் இயந்திரத்தில் குறுக்கீட்டுச் சமிக்ஞையின் முனைவுத்தன்மை: புதியவர்களுக்கான வழிகாட்டி

தம்பலகாமத்தில் ஒரு நெல் ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் எடைமேடையிலிருந்து வரும் அளவைப் பல வருடங்களுக்கு முன் வாங்கிய, தாய்ப்பலகையில் செருகும் பிசிஐ (PCI) வகை அட்டை ஒன்றுதான் கணினிக்குள் கொண்டுவருகிறது. பற்றுச்சீட்டு அச்சிடும் மென்பொருளை எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். மூலநிரல் எவரிடமும் இல்லை. உப்புக்காற்றில் தாய்ப்பலகையின் செப்பு இணைப்புகள் பச்சை பிடிக்கத் தொடங்கிவிட்டன. இன்று கடைகளில் கிடைக்கும் பலகைகள் பெரும்பாலானவற்றில் பழைய பிசிஐ செருகிடமே இல்லை. இந்த நிலையில் அந்த மென்பொருளை ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள், அதாவது நிரலால் உருவாக்கிய கணினிக்குள், குடியேற்றி, அட்டையை நிரலாக எழுதிக் கொடுப்பதே நடைமுறைக்கு ஒத்த வழி.

இப்படியான வேலையில் இறங்கக்கூடிய இளைஞர்கள் திருகோணமலையில் இருக்கிறார்கள். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிப்பவர்களும், நகரில் ஒரு பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு தாமாகவே கற்பவர்களும் அவர்களுள் அடங்குவர். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அட்டையின் ரெஜிஸ்டர்களை (அதற்குள் உள்ள சிறு நினைவிடங்களை) நிரலாக்குவது, கையேடு கையில் இருந்தால், பொறுமையாகச் செய்து முடிக்கக்கூடிய வேலை. ஆனால் அந்த அட்டை செயலியை அழைக்கும் ஒற்றைக் கம்பியை, அதாவது குறுக்கீட்டுக் கம்பியை, நிரலில் எப்படிக் காட்டுவது என்ற இடத்தில்தான் பலர் நாட்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். கம்பியில் மின்னழுத்தம் உயர்ந்தால் அழைப்பா, தாழ்ந்தால் அழைப்பா என்பதே முனைவுத்தன்மை. உயர்ந்தால் அழைப்பு என்பதை அக்டிவ் ஹை என்றும், தாழ்ந்தால் அழைப்பு என்பதை அக்டிவ் லோ என்றும் சொல்வார்கள்.

கம்பியைப் பற்றி முதலில் எழுதிவைக்க வேண்டியவை

நிரலைத் திறக்குமுன், நீங்கள் போலச்செய்யப் போகும் சாதனத்தின் குறுக்கீட்டுக் கம்பி பற்றி மூன்று விடயங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: முனைவுத்தன்மை எது, தூண்டல் மட்டத்தாலா (கம்பி அழைப்பு நிலையில் இருக்கும்வரை அழைப்பு) விளிம்பாலா (நிலை மாறும் கணத்தில் மட்டும் அழைப்பு), கம்பியை வேறு சாதனங்களும் பகிர்கின்றனவா. பிசிஐ அட்டைக்கு விடை தெளிவானது. அதன் நான்கு குறுக்கீட்டுக் கம்பிகளும் அக்டிவ் லோ ஆனவை, மட்டத்தால் தூண்டுபவை, பகிரக்கூடியவை. அதற்கு முந்திய ஐஎஸ்ஏ அட்டைக்கு விடை ஏறத்தாழ நேர்மாறு: அக்டிவ் ஹை, விளிம்புத் தூண்டல், ஒரு கம்பிக்கு ஒரு சாதனம்.

பிசிஐ ஏன் தாழ்வைத் தேர்ந்தது என்பதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் எல்லாம் எளிதாகும். அந்தக் கம்பியை ஒரு மின்தடை எப்போதும் உயர்வில் தூக்கிப் பிடித்திருக்கும்; எந்த அட்டைக்கு அழைக்க வேண்டுமோ அது கம்பியைத் தரைக்கு இழுக்கும், வேலை முடிந்ததும் கையை விட்டுவிடும். எந்த அட்டையும் கம்பியை உயர்வுக்குத் தள்ளுவதில்லை என்பதால் இரண்டு அட்டைகள் ஒரே நேரத்தில் இழுத்தாலும் ஒன்றோடொன்று மோதிச் சேதமாவதில்லை. திருகோணமலையிலிருந்து நிலாவெளி போகும் பழைய பஸ்ஸின் மணிக்கயிற்றைப் போன்றது இது: எந்த ஆசனத்தில் இருப்பவரும் இழுக்கலாம், இரண்டு பேர் சேர்ந்தும் இழுக்கலாம், முன்னால் இருக்கும் சாரதிக்கு இழுத்தது யார் என்று தெரியாது, யாரோ இறங்கப் போகிறார் என்பது மட்டுமே தெரியும். இழுத்தவர் யார் என்று கண்டுபிடிப்பது, கணினியில், சாதனத்தை இயக்கும் டிரைவர் நிரலின் பொறுப்பு. ஒவ்வொரு சாதனத்தின் நிலை ரெஜிஸ்டரையும் வாசித்துத்தான் அது கண்டுபிடிக்கிறது.

எமுலேட்டருக்குள் மின்னழுத்தம் இல்லை

அடுத்த படி ஒரு தீர்மானம். நிரலில் உள்ள கம்பி ஓர் எண்ணை மட்டுமே தாங்குகிறது. வன்பொருளை நிரலால் போலச்செய்யும் எமுலேட்டரான கியூஎமுவில் (QEMU) அந்தக் கம்பியின் மீது 1 அல்லது 0 எழுதும் செயற்கூறு ஒன்று உண்டு. எழுப்பவும் தணிக்கவும் தனித்தனிச் சுருக்க வடிவங்களும் உண்டு. அந்த 1 எதைக் குறிக்கிறது? உயர் மின்னழுத்தத்தையா, அழைப்பு எழுந்திருப்பதையா? அக்டிவ் ஹை கம்பியில் இரண்டும் ஒன்றேயாதலால் கேள்வியே எழுவதில்லை. அக்டிவ் லோ கம்பியில் இரண்டும் எதிரெதிர்.

என் உறுதியான பரிந்துரை இதுதான்: 1 என்றால் அழைப்பு எழுந்திருக்கிறது, 0 என்றால் தணிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், மின்னழுத்தத்தை நிரலுக்குள் கொண்டுவராதீர்கள். கியூஎமுவின் பிசிஐ பகுதி இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. உண்மையான அட்டை கம்பியைத் தரைக்கு இழுக்கும் அதே தருணத்தில், அதன் போலி வடிவம் கம்பியில் 1 எழுதுகிறது. வன்பொருள் கையேட்டில் கம்பியின் பெயருக்குப் பக்கத்தில் தாழ்வைக் குறிக்கும் அடையாளத்தைக் கண்டுவிட்டு, கையேட்டுக்கு விசுவாசமாக இருப்பதாக எண்ணி 0 எழுதுவோர் உண்டு. அந்த விசுவாசம் தவறான இடத்தில் காட்டப்படுகிறது. கையேடு பேசுவது உலோகக் கம்பியைப் பற்றி. நிரலின் கம்பி அந்த உலோகத்தின் பொருளை மட்டுமே எடுத்துச் செல்கிறது.

இதில் வன்பொருளுக்குத் துரோகம் எதுவும் இல்லை. இன்டெல்லின் ஐசிஎச் சிப்செட் குடும்பத்தின் கையேடுகளைப் பார்த்தால், பிசிஐயிலிருந்து வரும் அக்டிவ் லோ கம்பியைப் கம்பிகளின் அழைப்புகளைச் செயலிக்குச் சேர்க்கும் பழைய 8259 குறுக்கீட்டுக் கட்டுப்படுத்திக்கு அனுப்பும்போது சிப்செட்டே அதை உள்ளுக்குள் தலைகீழாக்கி, உயர் மட்டமாகக் கொடுக்கிறது என்று எழுதியிருக்கும். 8259 இல் முனைவுத்தன்மைக்கென ஒரு பிட்டே கிடையாது. அதற்கு உயர்வுதான் தெரியும். ஆகவே உண்மையான கணினியிலும் இந்தத் திருப்பம் ஓர் இடத்தில், ஒரே ஒரு தடவை நடந்தது. எமுலேட்டர் அந்தத் திருப்பத்தைச் சாதனத்தின் வாசலிலேயே முடித்துவிடுகிறது, அவ்வளவுதான்.

பல சாதனங்கள், ஒரு கம்பி

இந்தப் பகுதியில் சற்று நின்று, பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

மூன்று அட்டைகள் ஒரே கம்பியில் இருக்கின்றன என்று கொள்வோம். உலோகக் கம்பியில், மூன்றும் சும்மா இருக்கும்போது மட்டத்தை 1, 1, 1 என்று எழுதலாம். சேர்ந்த கம்பியும் 1. ஒரு அட்டை இழுத்தால் 1, 0, 1. சேர்ந்த கம்பி 0. அதாவது உலோகத்தில் நடப்பது ‘அன்ட்’ (AND) செயல்: எல்லாரும் விட்டிருந்தால்தான் கம்பி உயரும். இப்போது இதையே அழைப்பின் மொழியில் எழுதுங்கள். மூன்றும் சும்மா: 0, 0, 0, சேர்ந்தது 0. ஒன்று எழுப்பினால்: 0, 1, 0, சேர்ந்தது 1. இது ‘ஓர்’ (OR) செயல்: யாராவது ஒருவர் எழுப்பினால் போதும். இரண்டும் ஒரே கம்பியின் இரண்டு வர்ணனைகள். டி மோர்கன் விதி ஒன்றை மற்றதாக மாற்றித் தருகிறது. ஆனால் பாதி வழியில் ஒரு மொழியையும் மீதி வழியில் மற்ற மொழியையும் பயன்படுத்தினால் கணக்கு குலைந்துவிடும்.

எப்படிக் குலையும் என்று பாருங்கள். ஒருவர் ஒவ்வொரு சாதனத்தின் வெளியீட்டையும் தனித்தனியே தலைகீழாக்கிவிட்டு, அதன் பிறகு ‘ஓர்’ (OR) செயலால் சேர்க்கிறார் என்போம். சும்மா இருக்கும் மூன்றும் 1, 1, 1 ஆகின்றன, சேர்ந்தது 1. ஒன்று அழைத்தால் 1, 0, 1. சேர்ந்தது இன்னமும் 1. மூன்றும் ஒரே நேரத்தில் அழைத்தால் மட்டுமே கம்பி 0 ஆகும். கட்டுப்படுத்தியும் இதற்கேற்பத் தாழ்வை அழைப்பாகக் கொண்டால், அழைப்பு ஏறக்குறைய எப்போதுமே போய்ச் சேராது. இந்த நிரலை ஒரே ஒரு சாதனத்தோடு சோதித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே நடக்கும் என்பதுதான் இதன் ஆபத்து. ஆகவே விதியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் அழைப்புகளை ‘ஓர்’ (OR) செயலால் சேர்க்க வேண்டும், தலைகீழாக்கல் உண்மையிலேயே தேவைப்பட்டால், சேர்த்து முடித்த பிறகு, கட்டுப்படுத்தியின் வாசலில், ஒரே ஒரு தடவை செய்ய வேண்டும்.

சேர்ப்பதை எப்படி நிரலாக்குவது என்பதற்கு இரண்டு நல்ல முன்மாதிரிகள் கண்முன்னே இருக்கின்றன. கியூஎமு ஒவ்வொரு பிசிஐ கம்பிக்கும் ஓர் எண்ணிக்கையை வைத்திருக்கிறது: சாதனம் தணிந்த நிலையிலிருந்து எழுந்தால் எண்ணிக்கை கூடும், எழுந்த நிலையிலிருந்து தணிந்தால் குறையும், அது பூச்சியம் அல்லாதவரை கம்பி எழுந்தே இருக்கும். ஏற்கெனவே எழுந்திருக்கும் சாதனம் மறுபடியும் 1 எழுதினால் எண்ணிக்கை கூடாதபடி, மாற்றம் உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்கிறது. லினக்ஸின் மையமான கேர்னலுக்குள் இருந்து மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் கேவிஎம் (KVM) வேறு வழியை எடுக்கிறது: ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு பிட்டை ஒதுக்கி, எந்தப் பிட்டாவது 1 ஆக இருந்தால் கம்பியை எழுந்ததாகக் கொள்கிறது. புதிதாக எழுதுபவருக்கு பிட்டு முறையையே சிபாரிசு செய்வேன். எண்ணிக்கை ஒரு தடவை பிசகினால் அது எங்கே பிசகியது என்று தேடுவது கடினம், பிட்டு யாருடையது என்று பெயர் சொல்லும்.

கெஸ்டுக்குச் சொல்லும் அட்டவணை

மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடும் கெஸ்ட் இயங்குதளத்துக்கு உங்கள் தீர்மானம் எப்படித் தெரியவரும்? இயந்திரத்தைத் தொடக்கும் ஃபேர்ம்வெயர் (firmware) கொடுக்கும், வன்பொருளை வர்ணிக்கும் ஏசிபிஐ (ACPI) அட்டவணைகள் வழியாகத்தான். அவற்றுள் எம்ஏடிடி (MADT) என்ற அட்டவணையில், வழக்கத்துக்கு மாறான ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் ஒரு பதிவு இருக்கும். அதில் உள்ள கொடி எண்ணின் கடைசி இரண்டு பிட்டுகள் முனைவுத்தன்மையையும், அடுத்த இரண்டு பிட்டுகள் தூண்டலையும் சொல்லும். முனைவுக்கு 00 என்றால் அந்த பஸ்ஸின், அதாவது பிசிஐ, ஐஎஸ்ஏ போன்ற இணைப்புப் பாதையின், வழக்கப்படி, 01 என்றால் அக்டிவ் ஹை, 11 என்றால் அக்டிவ் லோ. தூண்டலுக்கு 00 வழக்கப்படி, 01 விளிம்பு, 11 மட்டம்.

கியூஎமு தனது பிசி இயந்திரத்தில் 5, 9, 10, 11 ஆகிய நான்கு எண்களுக்கும் இந்தக் கொடியாக 13ஐ எழுதுகிறது. 13ஐ இரும எண்ணாக எழுதினால் 1101. வலப்பக்க 01 அக்டிவ் ஹை. இடப்பக்க 11 மட்டத் தூண்டல். உண்மையான பிசிஐ கம்பியின்படி எழுதியிருந்தால் 1111, அதாவது 15 வந்திருக்க வேண்டும். 13 என்று எழுதியதன் மூலம் கியூஎமு கெஸ்டிடம், ‘என் இயந்திரத்தில் இந்தக் கம்பிகள் உயர்வில்தான் அழைக்கும், அதற்கேற்பக் கட்டுப்படுத்தியை அமைத்துக்கொள்’ என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அதே பேச்சு பிசிஐ இணைப்புகளை வர்ணிக்கும் ஏசிபிஐ பகுதியிலும் மட்டம், அக்டிவ் ஹை, பகிரக்கூடியது என்று திரும்பவும் வருகிறது. நீங்கள் சொந்தமாக ஓர் இயந்திரத்தை வடிவமைத்தால் இந்த இரண்டு இடங்களும் ஒன்றையே சொல்கின்றனவா என்று கண்ணால் பார்த்து உறுதிப்படுத்துங்கள். ஒன்று உயர்வு என்றும் மற்றது தாழ்வு என்றும் சொன்னால், லினக்ஸ் ஒன்றையும் வேறோர் இயங்குதளம் மற்றதையும் நம்பக்கூடும். அப்போது பிழை ஒரு கெஸ்டில் மட்டும் தலைகாட்டும்.

லினக்ஸ் கெஸ்ட் என்ன கேட்டுக்கொண்டது என்பதை அதன் தொடக்கச் செய்திகளில் பார்க்கலாம். குறுக்கீட்டு மாற்றுப் பதிவைக் குறிக்கும் வரிகளில் 9ஆம் எண்ணுக்கு ‘ஹை லெவல்’ என்றும், கடிகாரத்துக்குரிய 0ஆம் எண் 2ஆம் எண்ணுக்கு மாற்றப்படும் வரியில் வழக்கம் என்பதைக் குறிக்கும் ‘டிஎஃப்எல் டிஎஃப்எல்’ என்றும் அச்சாகியிருக்கும்.

கட்டுப்படுத்தியின் 13ஆம் பிட்

மேலே வந்த 13 ஒரு கொடியின் பெறுமதி; இங்கே வரும் 13 ஒரு பிட்டின் இடம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்டெல்லின் 82093ஏஏ ஐஓ ஏபிக் (I/O APIC) குறுக்கீட்டுக் கட்டுப்படுத்திக்கு 24 உள்ளீட்டுப் பின்கள் (இணைப்பு முனைகள்) உண்டு. ஒவ்வொன்றுக்கும் 64 பிட் நீளமான ஒரு பதிவு இருக்கிறது. அதில் 13ஆம் பிட் முனைவுத்தன்மை: 0 என்றால் உயர்வு, 1 என்றால் தாழ்வு. 15ஆம் பிட் தூண்டல்: 0 விளிம்பு, 1 மட்டம். இவற்றுக்கு நடுவே உள்ள 14ஆம் பிட், மட்டத் தூண்டல் குறுக்கீடு ஒன்று செயலியால் ஏற்கப்பட்டதும் 1 ஆகி, செயலி வேலை முடிந்தது என்று அறிவித்ததும் 0 ஆகும். அந்த அறிவிப்பு வரும் நேரத்தில் கம்பி இன்னும் எழுந்தே இருந்தால் குறுக்கீடு மறுபடியும் அனுப்பப்படும். 16ஆம் பிட் மறைப்பு, அதாவது குறுக்கீட்டைத் தடுத்து வைப்பது.

கெஸ்ட் 13ஆம் பிட்டில் 1 எழுதினால் எமுலேட்டர் என்ன செய்ய வேண்டும்? கையேட்டை அப்படியே பின்பற்றுபவர், வரும் மட்டத்தை அந்தப் பிட்டோடு எக்ஸ்ஓர் (XOR) செய்வார், அதாவது பிட் 1 ஆனால் மட்டத்தைத் தலைகீழாக்குவார். கேவிஎம்மும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தது. ஆனால் கியூஎமுவிலும் கேவிஎம்மிலும் காலப்போக்கில் சேர்ந்த பல வேகமாக்கல்கள், கம்பி எப்போதும் உயர்வில்தான் அழைக்கும் என்ற எண்ணத்தின் மேலேயே கட்டப்பட்டுவிட்டன. அட்டவணை உயர்வு என்று சொல்லியும், ஆப்பிளின் ஓஎஸ் எக்ஸ் 10.9 வரையான பதிப்புகள் போன்ற சில கெஸ்டுகள் அதைக் கவனியாமல் 13ஆம் பிட்டில் 1 எழுதின. அப்போது கியூஎமு உயர்வில் அழைக்க, கேவிஎம் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டது. 2014இல் கேவிஎம் இந்தப் பிட்டை முற்றாகப் புறக்கணிக்கும்படி மாற்றப்பட்டது. 1 என்றால் எப்போதும் அழைப்பு எழுந்திருக்கிறது, 0 என்றால் தணிந்திருக்கிறது என்ற மரபு அதன் ஆவணத்திலும் எழுதப்பட்டது. கேர்னல் அப்படிப் புறக்கணிக்கிறதா என்று கியூஎமு போன்ற நிரல்கள் விசாரித்து அறிவதற்கான அடையாளம் ஒன்றும் சேர்க்கப்பட்டது.

வன்பொருளை அச்சொட்டாகப் பின்பற்றாத முடிவு இது என்று சிலருக்கு மனம் உறுத்தலாம். எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. பிசிஐ கம்பியின் முனைவு பலகையை வடிவமைத்தவர் தீர்மானிப்பது. கெஸ்ட் அந்தப் பிட்டில் எதை எழுதினாலும் கம்பி மாறப்போவதில்லை. கெஸ்ட் தவறாக எழுதினால் உண்மையான இயந்திரம் செயலிழக்கும். அந்தச் செயலிழப்பைப் போலச்செய்து கொடுப்பதால் எடைமேடைக்காரருக்கு எந்தப் பயனும் இல்லை. பிட்டைச் சேமியுங்கள், கெஸ்ட் திரும்ப வாசித்தால் எழுதியதையே கொடுங்கள், அழைப்பைக் கணக்கிடும்போது அதைப் பாராதீர்கள்.

கையால் செய்து பார்த்தல்

பழகுவதற்குச் சொந்த அட்டை தேவையில்லை. கற்பித்தலுக்கென்றே எழுதப்பட்ட ‘எடு’ (edu) என்ற போலி பிசிஐ சாதனம் கியூஎமுவோடு வருகிறது; அதன் விற்பனையாளர் எண் பதினாறடிமானத்தில் 1234. அதன் ரெஜிஸ்டர்களுள் நமக்கு வேண்டியவை மூன்று, எல்லா முகவரிகளும் பதினாறடிமானத்தில்: 60இல் ஓர் எண்ணை எழுதினால் அழைப்பு எழும், 24ஐ வாசித்தால் எழுந்து நிற்கும் அழைப்புகள் தெரியும், 64இல் அதே எண்ணை எழுதினால் அது தணியும். டிரைவர், கம்பியில்லாமல் அழைக்கும் எம்எஸ்ஐ (MSI) முறையை இயக்காதவரை இது பழைய கம்பி வழியாகவே அழைக்கும்.

பிசி இயந்திரத்தில் இரண்டு எடு சாதனங்களை 4ஆம், 8ஆம் செருகிடங்களில் வையுங்கள். அந்த இயந்திரத்தில் செருகிட எண் நான்கால் வேறுபட்டால் இரண்டும் ஒரே கம்பியில் வந்து விழும்; கெஸ்டில் இரண்டுக்கும் ஒரே குறுக்கீட்டு எண்ணே கிடைக்கும். முதற்சோதனைகளுக்குக் கேவிஎம் இல்லாமல் ஓட்டுவது நல்லது. கட்டுப்படுத்தி முழுவதும் கியூஎமுவுக்குள் இருப்பதால் எல்லாவற்றையும் பார்க்க முடியும். ஐஓ ஏபிக் கம்பி மாற்றங்களைப் பதியும் தடமறிதலையும் இயக்கிவிடுங்கள்.

டிரைவரில், பகிரும் கொடியோடு குறுக்கீட்டைப் பதிவு செய்யுங்கள். கையாளும் செயற்கூறு முதலில் 24ஐ வாசிக்க வேண்டும். பூச்சியம் என்றால் ‘என்னுடையதல்ல’ என்று திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் வாசித்த எண்ணை 64இல் எழுதிவிட்டு ‘கவனித்துவிட்டேன்’ என்று சொல்ல வேண்டும். பிறகு, ஒரு செயலி மட்டும் உள்ள கெஸ்டில், குறுக்கீடுகளைத் தற்காலிகமாக முடக்கி வைத்துக்கொண்டு, இரண்டு சாதனங்களிலும் அழைப்பை எழுப்பிவிட்டு முடக்கத்தை நீக்குங்கள். தடப்பதிவில் அந்தப் பின்னுக்கு 1, 1, 1, 0 என்று நான்கு வரிகள் வர வேண்டும். முதல் இரண்டும் எழுப்பியவை. மூன்றாவது, ஒரு சாதனம் தணிந்தும் மற்றது எழுந்து நிற்பதால் கம்பி 1ஆகவே இருப்பது. நான்காவது, இரண்டும் தணிந்தது. நீங்கள் எழுதிய பஸ் நிரலில் மூன்றாவது வரி 0 ஆக வந்தால், சேர்க்கும் பகுதி தவறு. முனைவைத் தொடவே வேண்டாம், அங்கே போய்த் திருத்துங்கள்.

கெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியூஎமுவின் மொனிட்டர் எனும் கட்டளை முகப்பில் ‘இன்ஃபோ பிக்’ (info pic) என்ற கட்டளையைக் கொடுத்தால், 24 பின்களும் வரிசையாக அச்சாகும். ஒவ்வொன்றிலும் ‘அக்டிவ்-ஹை’ அல்லது ‘அக்டிவ்-லோ’, ‘எட்ஜ்’ அல்லது ‘லெவல்’, மறைக்கப்பட்டதா என்பது எல்லாம் தெரியும். இது கெஸ்ட் எழுதியது. கெஸ்டின் குறுக்கீட்டுப் பட்டியல் கோப்பு, கேர்னல் அந்த எண்ணை எப்படிக் கையாளுகிறது என்பதையும் இதுவரை எத்தனை அழைப்புகள் வந்தன என்பதையும் காட்டும். அட்டவணை, மொனிட்டர், இந்தப் பட்டியல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிணக்கு எங்கே என்பது பெரும்பாலும் உடனேயே புலப்படும்.

அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

முனைவு தலைகீழானால் அறிகுறி இரண்டு வடிவங்களில் வரும். கட்டுப்படுத்தி பிட்டை மதித்து, சும்மா இருக்கும் கம்பியை எழுந்ததாகக் கொண்டால், டிரைவர் மறைப்பை நீக்கிய அந்தக் கணத்திலேயே அழைப்புகள் வெள்ளமாக வரும். செயலி முழுமூச்சில் ஓடும்; எந்த டிரைவரும் அழைப்பைத் தனதென்று ஏற்காது. லினக்ஸ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: 100,000 அழைப்புகளில் 99,900க்கு மேற்பட்டவற்றை எவரும் ஏற்காவிட்டால் ‘நோபடி கேர்ட்’ என்ற செய்தியை எழுதிவிட்டு அந்த எண்ணையே முடக்கிவிடும். முடக்கியதும் வெள்ளம் நிற்கும். அந்தக் கம்பியில் உள்ள மற்றச் சாதனங்களும் சேர்ந்து நின்றுவிடும். வலையமைப்பு அட்டை காரணமில்லாமல் செத்துப்போனது போலத் தோன்றும் பல சந்தர்ப்பங்களின் பின்னால் இருப்பது, அதே கம்பியைப் பகிர்ந்த வேறொரு சாதனம்.

இரண்டாவது வடிவம் அமைதி. அழைப்பு எழுந்தும் எண்ணிக்கை கூடாது. இங்கே அவசரப்பட்டு முனைவைக் குற்றம் சொல்லக்கூடாது. மட்டத் தூண்டலாக இருக்க வேண்டியது விளிம்பாக அமைந்திருந்தாலும் ஏறத்தாழ இதே அறிகுறி வரும். வேறுபாட்டை இப்படிக் காணலாம்: முதல் அழைப்பு வந்து, இரண்டு சாதனங்கள் மோதிய பிறகு அமைதியானால் தூண்டலைப் பாருங்கள், ஒரு அழைப்புக்கூட வரவில்லை என்றால் முனைவையும் மறைப்பையும் பாருங்கள். சாதனம் தணியும்போது மட்டும் அழைப்பு போய்ச் சேருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், எங்கோ ஒரு தலைகீழாக்கல் மிகையாக இருக்கிறது.

இரண்டு தலைகீழாக்கல்கள் ஒன்றையொன்று மறைத்து நிரல் சரியாக ஓடும் நிலையும் உண்டு. அதை ‘ஓடுகிறதே’ என்று விட்டுவிடாதீர்கள். பின்னால் வருபவர் ஒன்றைப் பிழையென்று கண்டு நீக்கும் நாளில் மற்றது வெளியே வரும்.

மின்னழுத்தமே முக்கியமாகும் இடங்கள்

இதுவரை சொன்னது பிசி வகை இயந்திரத்துக்கு. ஆர்ம் (ARM) செயலி வகைப் பலகைகளில் நிலைமை சற்று வேறு. அங்கே வன்பொருளை வர்ணிக்கும் கருவி மரம் (device tree) என்ற விவரணையில் ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் ஒரு கொடி வரும்: 1 ஏறும் விளிம்பு, 2 இறங்கும் விளிம்பு, 4 உயர் மட்டம், 8 தாழ் மட்டம். ஆனால் அங்குள்ள ஜிக் (GIC) குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியில், செயலிகளுக்கிடையே பகிரப்படும் சாதனக் குறுக்கீடுகளுக்கு 1, 4 ஆகிய இரண்டு மட்டுமே செல்லும். கியூஎமுவின் ‘விர்ட்’ பலகையில் தொடர் முனையத்துக்கு 4 என்றும், மெய்நிகர் இயந்திரங்களுக்கென்றே வடிவமைத்த விர்ட்ஐஓ (virtio) சாதனங்களுக்கு 1 என்றும் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். தாழ்வுக்கு அங்கே இடமில்லாததால்தான், லினக்ஸ் பிசிஐ கம்பிக்கு வழக்கமாகத் தாழ்வைக் கருதினாலும், ஜிக் இருக்கும் இயந்திரத்தில் உயர்வைக் கருதுகிறது.

ஜிபிஐஓ (GPIO) எனும் பொதுப்பயன் பின்களில் அழைப்பின் மொழி போதாது. மெமரி அட்டை செருகப்பட்டதா என்று காட்டும் பின், பொத்தான், மீளமைப்புக் கம்பி போன்றவற்றின் மட்டத்தைக் கெஸ்ட் நேரடியாக வாசிக்கிறது. பின் தாழ்வில் இருந்தால் 0 என்றே வாசிக்கப்பட வேண்டும். இங்கே மின்னழுத்தத்தையே கம்பியில் ஏற்றுங்கள். அழைப்பின் மொழி பேசும் சாதனத்தை இத்தகைய பின்னோடு இணைக்க கியூஎமுவில் ஒரு தலைகீழாக்கும் கம்பி கிடைக்கிறது. அதைப் பயன்படுத்துமுன் அதன் நிரலைத் திறந்து வாசியுங்கள், சில வரிகள்தான். கம்பிகளின் தொடக்க நிலை 0 என்பதால், உருவாக்கப்பட்ட அந்தக் கணத்திலேயே அது வெளியீட்டை 1 ஆக்கிவிடுகிறது. மறுமுனையில் உள்ள சாதனம் மீளமைக்கப்படும்போது தன் உள்ளீட்டை 0 என்று மறந்துவிட்டால், யாரும் தொடாத கம்பியில் இரண்டு முனைகளும் வெவ்வேறு நிலைகளை நம்பத் தொடங்கும். ஆகவே அக்டிவ் லோ பின் உள்ள எந்தப் பலகையையும், இயந்திரத்தை முதல் தடவை தொடக்கும்போதும், ஓடிக்கொண்டிருக்கையில் மீளமைத்த பிறகும், நிலையைச் சேமித்து மீட்ட பிறகும் என மூன்று தருணங்களில் தனித்தனியே சோதிக்க வேண்டும். மின்வெட்டுக்குப் பிறகு எடைமேடைக் கணினி தானாக எழும்பும்போது முதலில் வெளிவருவது இந்த வகைப் பிழைதான்.

உண்மையான பிசிஐ அட்டையைக் கெஸ்டுக்கு நேரே கொடுக்கும்போது முனைவை ஹோஸ்ட், அதாவது கெஸ்டைத் தாங்கும் உண்மையான கணினியின், கேர்னல் ஏற்கெனவே கவனித்துவிடுகிறது. கம்பி எழுந்ததும் ஹோஸ்ட் அதை மறைத்துவிட்டுக் கெஸ்டுக்கு அறிவிக்கும். கெஸ்ட் வேலை முடிந்தது என்று சொன்ன பிறகு மறைப்பை நீக்கி, கம்பி இன்னும் எழுந்திருக்கிறதா என்று மறுபடி பார்க்கும். எம்எஸ்ஐ முறையில் கம்பியே இல்லை. குறிப்பிட்ட முகவரியில் ஓர் எண்ணை எழுதுவதுதான் அழைப்பு. புதிதாக ஒரு சாதனத்தை வடிவமைக்கும் சுதந்திரம் உங்களுக்கு இருந்தால் எம்எஸ்ஐயையே எடுங்கள். நெல் ஆலையின் பழைய டிரைவர் அதை அறியாது. அதற்குக் கம்பிதான் கொடுக்க வேண்டும். அந்த அட்டையின் போலி வடிவத்தை எழுதி முடித்ததும், வலையமைப்பு அட்டையை வேண்டுமென்றே அதே கம்பியில் வரும் செருகிடத்துக்கு நகர்த்தி வைத்து, ஒரு பெரிய கோப்பை நகலெடுத்துக்கொண்டே எடையளவுகளை அனுப்பிப் பாருங்கள். நகலும் நிற்காமல், பற்றுச்சீட்டில் ஓர் அளவும் தவறாமல் வந்தால் அட்டையை ஆலைக்காரரிடம் கொடுக்கலாம்.